வேலி தாண்டிய ஜாடி

முதல் கரண்டியிலேயே எல்கே முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி வீப்கே, சூப்புன்னு சொல்லிக் கஷாயம் காய்ச்சிக் கொண்டாந்திருக்கே?"

தோட்டச் சங்கத்துக் கூடத்தில் இருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. யார் டாலியா கிழங்கைத் தோண்டி எடுத்தாயிற்று, யார் இன்னும் மழைநீர்த் தொட்டியைக் கவிழ்க்கவில்லை, யாருடைய கூரை இந்தக் குளிருக்குத் தாங்காது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். வீப்கேவும் சிரித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தாள்.

கசந்தது. சாதாரணக் கசப்பு இல்லை, தொண்டை வரைக்கும் இறங்கிப் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையில் துப்பினாள்.

இருபது வருடமாக ஒரே அளவில் வைக்கிற பூசணி சூப். அதில் ருசி பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் அவளுடைய பெருமையே.

சங்கத் தலைவரும் ஒரு வாய் வைத்தார், சிரிப்பை நிறுத்தினார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"விதை கடையில வாங்கினதா, சொந்த விதையா?"

"சொந்த விதைதான். போன வருஷத்துக் காயிலேர்ந்து எடுத்து வச்சது."

"போன வருஷம் உன் வேலியில அலங்காரப் பூசணி ஏத்தியிருந்தியே, வீப்கே."

ஒவ்வொருவராகக் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

வாசலில் அழகுக்கு அடுக்குகிற அந்தக் குட்டிப் பூசணியின் மகரந்தம் பக்கத்துக் கொடியில் பட்டால் போதும். அந்த விதையில் முளைப்பது பார்வைக்கு நல்ல பூசணி, உள்ளே விஷம். வேகவைத்தாலும் போகாது. தோட்டம் போடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் இதை வாய் ஓயாமல் சொல்கிறவளே வீப்கேதான். யானைக்கும் அடி சறுக்கும் என்றால், இப்படியா சறுக்க வேண்டும்?

"நல்லவேளை, நாக்குன்னு ஒண்ணு இருக்கு," என்றாள் எல்கே. "ஒரு வாய்க்கு மேல இதை எவன் முழுங்குவான்?"

வீப்கே கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஹார்ம்ஸ் முழுங்குவார்.

பக்கத்துத் தோட்டத்து ஹார்ம்ஸுக்கு எழுபத்தெட்டு வயது. மார்ச்சில் வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தையும் ருசியையும் வாரிக்கொண்டு போய்விட்டது. காப்பியும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான் என்று அவரே சொல்வார். காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய சூடோடு, முதல் ஜாடியை அவருடைய தோட்டவீட்டுப் படியில் வைத்துவிட்டுத்தான் அவள் கூடத்துக்கு வந்தாள்.

பத்து வருடப் பழக்கம். செப்டம்பரில் அவர் பிளம்ஸ் ஜாம் கொடுப்பார். அக்டோபரில் அதே ஜாடியில் அவள் சூப் கொடுப்பாள். ஜாடியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை.

ஹார்ம்ஸ் கைபேசி வைத்துக்கொள்ளாத ஆள். வீப்கே ஓடினாள்.

ஈர இலையில் வழுக்கி ஒரு செருப்பு எங்கோ கழன்றது. அவள் நிற்கவில்லை. கடவுளே, அவர் தூங்கியிருக்கட்டும். மறந்திருக்கட்டும். கை தவறிக் கீழே கொட்டியிருக்கட்டும்.

ஜாடி படியோரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஹார்ம்ஸ் படியில் உட்கார்ந்து, நடுவதற்காகப் பூண்டுப் பற்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சூப் குடிச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க. அதுல விஷம் இருக்கு."

அவர் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எனக்குப் பூசணி சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. வருஷா வருஷம் உங்க சூப்பு எருக்குழிக்குத்தான் போச்சு."

வீப்கே அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பத்து வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறான் மனுஷன். நல்லா இருக்கட்டும் அந்தப் பொய். இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"ஆனா இந்த வருஷம் அப்படிச் செய்யலை," என்றார் ஹார்ம்ஸ். "நாக்குதான் செத்துப்போச்சே, இனிமே பூசணியா இருந்தா என்ன, எதுவா இருந்தா என்ன. ஒரு தடவையாவது பொய் இல்லாம உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு. ஒரு சொட்டு விடாம குடிச்சேன்."

அவருடைய ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கைபேசியில் ஆம்புலன்ஸுக்கான மூன்று எண்களை அழுத்துவதற்குள் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது, அவரோடு பேசிக்கொண்டே இருங்கள் என்றார்கள்.

ஆனால் அவர்தான் பேசினார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. என் ஜாம் நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

அவர் அள்ளிப் போடும் கிராம்பின் நெடி அவளுக்கு ஆகவே ஆகாது. பத்து வருடமாக ஒரு கரண்டிகூட வாயில் வைத்ததில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, ஜாடியை வெந்நீரில் கழுவித்தான் சூப் ஊற்றுவாள். இன்று காலையிலும் அப்படித்தான்.

பெரிய சாலைப் பக்கம் சைரன் கேட்டது. இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

வீப்கே அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள். "அடுத்த வருஷம் ரெண்டு ஜாடியாக் குடுங்க."