ஒன்றால் பெருக்கவும்

படாரென்று சுவர் அதிர்ந்தது. ஜெகதாம்பாளின் கையிலிருந்த, கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் நழுவி மேஜையில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். பியூன் கன்னியப்பன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். குள்ளமான ஆள். ஸ்டூலில் ஏறச் சோம்பல் வேறு. தன் முகத்துக்கு நேராகவே ஆணியை இறக்கி, அச்சடித்த அட்டவணை ஒன்றை அதில் மாட்டினான்.

"இன்னா மேடம், இனிமே உங்களுக்கு ஜாலிதான். அல்லாரும் செவுத்தப் பாத்து எழுதிக்கினு போயிடுவாங்கோ."

காலையிலேயே மானேஜர் சொல்லியிருந்தார். கடைத்தெருவில் வீசை போய்க் கிலோ வந்த பிறகும், அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தத் தொழிற்சாலையில் உலைக்கூடத்துப் புத்தகம் மட்டும் பவுண்டையும் பாரன்ஹீட்டையும் விடவில்லை. அந்த எண்களை மெட்ரிக்குக்கு மாற்றி வேலை அட்டையில் எழுதித் தருவதுதான் ஜெகதாம்பாளின் உத்தியோகம். இனி அவரவரே அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாமாம். அவளுக்கு வேறு வேலை தருவார்களாம்.

எழுந்து போய்ப் படித்தாள்.

அடிக்கு ஓர் எண், பவுண்டுக்கு ஓர் எண். எல்லாம் புள்ளிக்குப் பின்னால் வால் நீண்ட எண்கள். கடைசி வரியில் தன்வெப்பம். ஒரு பொருளைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று சொல்லும் எண் அது.

அதற்கு நேரே, ஒன்றால் பெருக்கவும் என்று போட்டிருந்தது.

ஜெகதாம்பாள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நாகேந்திரன் வருவார். உலைக்கூடத்துப் பொறுப்பாளரான சார்ஜ்மேன். தொழிற்சாலையிலேயே உயரமான மனிதர். முதல் முறை வந்தபோது வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதிலிருந்து நாலடி முன்பே குனிய ஆரம்பித்துவிடுவார்.

அன்று அவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பிரிட்டிஷ் வெப்ப அலகு ஒன்றுக்கு 252 கலோரி. டிகிரி மாறுவதற்காக அதை 1.8-ஆல் பெருக்கினாள். 453.6 வந்தது. பவுண்டைக் கிராமாக்க அதே 453.6-ஆல் வகுத்தாள்.

விடை ஒன்று. போன எண்ணே திரும்பி வந்து நின்றது.

பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டாள். வீட்டுக்குப் போய் உலை கொதிக்கும்வரை மனத்துக்குள் போட்டாள். பிசகே இல்லை. இரும்போ பித்தளையோ, இந்த எண் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான்.

மறுநாள் அதைச் சொல்லிவிடத்தான் இருந்தாள். நாகேந்திரன் குனிந்து வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

சும்மா கேட்டதுதான். ஆனால் கோவில்பதாகையில் ஒற்றை அறையில் இருக்கிறவளை யார் அப்படிக் கேட்கிறார்கள்? சனிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால், திங்கள்கிழமை ஆவடியில் ரயிலேறும்வரை அவளோடு ஒருவரும் பேசுவதில்லை. ரயிலில்கூட ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு நெரிசலில் போய் உட்காருவாள். கொஞ்சம் நகர்ந்து உட்காரம்மா என்று யாராவது சொல்வார்கள். அந்த வாரத்தின் முதல் பேச்சு அது.

அதனால் சொல்லவில்லை. சாப்பிட்டாயிற்று என்று பதில் சொல்லிவிட்டு ஸ்லைடு ரூலைக் கையில் எடுத்தாள்.

அன்று தொடங்கியது. அவர் எண்ணைச் சொல்வார். அவள் ஸ்லைடு ரூலை அப்படியும் இப்படியுமாக இழுப்பாள். நெற்றியைச் சுருக்குவாள். அதற்குள் அவர் பட்டாபிராம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். மனைவி போனபின் தங்கை வீட்டில்தான் ஜாகை. புது வீடு, சமையலறைக் கதவைத் தச்சன் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனதும், தாழ்ப்பாளைப் போடத் தங்கை தரையில் உட்கார வேண்டியிருப்பதும் ஒரு மாதத்துக்குப் பேச்சாக ஓடியது. ஜெகதாம்பாள் சிரிப்பாள். பிறகு அவர் சொன்ன எண்ணையே அட்டையில் எழுதிக் கொடுப்பாள். அவர் அதைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு குனிந்து வெளியே போவார்.

பார்ப்பதே இல்லை என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்று பார்க்கப் போகிறார். இனி வரமாட்டார். அதைவிட, இத்தனை காலம் இல்லாத கணக்குக்காக ஒரு மனிதரை ஸ்டூலில் உட்கார்த்தி வைத்தவள் என்று தெரிந்துகொள்வார்.

பக்கத்தில் தொங்கிய தேதிக் காலண்டரைக் கழற்றி அட்டவணையின் கடைசி வரிமேல் மாட்டிவிடலாமா என்று கையை நீட்டினாள். கன்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

நாகேந்திரன் குனிந்து உள்ளே வந்தார். கையில் வேலை அட்டை. கன்னியப்பன் தானே அச்சடித்தவன்போல அவரைச் சுவரருகே அழைத்துப்போய் நிறுத்தினான்.

ஜெகதாம்பாள் தன் இடத்துக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள். கண் மட்டும் அங்கேயே போயிற்று.

அட்டவணை அவர் மார்புக்கும் கீழே இருந்தது. முழங்காலில் கையை ஊன்றி, நன்றாகக் குனிந்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது.

அங்கேயே நின்றது.

பிறகு நிமிர்ந்தார். வந்து எப்போதும்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை அட்டையை அவள் முன்னால் வைத்தார்.

"இவன் அத்த ரொம்ப ஒசரத்துல மாட்டிட்டான் மேடம், எனக்கு எட்டல. நீங்களே போட்டுக் குடுங்க, எப்பவும்போல மெதுவா."