ஃப்ளாட்டா, ரைசரா?

"இந்த ஹேண்டல மாத்தணும் தங்கச்சி. மகனுக்கு முதுகு வலி தாங்க முடியல."

மவுண்டன் சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினாள் அந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். சுடிதாரும் ஸ்வெட்டரும் போட்டிருந்தாள்.

பதுளையில் அந்தச் சைக்கிள் கடையை லிங்கமும் மகள் லக்ஷனாவும்தான் நடத்தினார்கள். லிங்கம் சாமான் எடுக்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். லக்ஷனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது ஃப்ளாட் ஹேண்டல், ஆன்ட்டி. தாழ்வா, நேரா இருக்கும். ஏத்தத்துல குனிஞ்சு மிதிக்க நல்லது. இந்தா இருக்கே, இது ரைசர். ரெண்டு பக்கமும் மேல வளைஞ்சிருக்கும். நிமிந்து ஒக்காரலாம். மகன் ரேஸ் ஓடுறாரா?"

"இல்ல, வேலைக்குப் போறதுக்குத்தான். ஹாலிஎல பக்கம். தோட்டத்து ரோடு, பூரா கல்லு."

"அப்ப ரைசர் போடுங்க."

"எது வெல கூட?"

"ஃப்ளாட்டுல கார்பன் ஒண்ணு இருக்கு. அதுதான் கூட."

"அதையே போடும்மா. மகனுக்குத்தானே."

"வேணாம் ஆன்ட்டி. வித்தா எனக்கு லாபம். முதுகு வலி அப்படியேதான் இருக்கும்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். லக்ஷனா குனிந்து ஸீட்டைப் பார்த்தாள்.

"மகன் என்ன உயரம்?"

"ஆறடி" என்று பெருமையாகச் சொன்னவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸீட்ட இவ்வளவு எறக்கி வச்சா ஆறடி ஆளுக்கு முழங்கால் நெஞ்சுல இடிக்கும். உங்க சுடிதார்ல, வலது கால் பக்கம் செயின் கிரீஸ் வேற. ஓட்டுறது நீங்கதானே?"

அந்த அம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"தோட்டத்துப் பிள்ளைமடுவத்துல வேலைம்மா. கொழுந்து பறிக்கப் போற தாய்மார் காலையிலேயே கொழந்தைங்கள கொண்டாந்து விட்டுருவாங்க. அந்நேரம் பஸ் இல்ல. இந்த வயசுல சைக்கிளான்னு சிரிப்பாங்கன்னுதான் மகன்னு சொன்னேன்."

"சிரிக்கிறவங்கள ஒரு நாள் அந்த ஏத்தத்துல மிதிக்கச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் ரைசர் ஏறியது. ஸ்பேனர் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் இதே வேலைதானா?"

"ஆமாங்க. வேணாம்னு சொல்ற வீடா இருந்தா, நானும் அந்த வீடு வேணாம்னுதான் சொல்லுவேன்."

அந்த அம்மாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு சுற்றுப் போய் வந்தாள். திரும்பும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! ரொம்ப சொகமா இருக்கும்மா. நல்லா இரு."

காசைக் கொடுத்துவிட்டு அவள் பெடலில் கால் வைத்ததும் லக்ஷனா வாசல்வரை வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வர்றப்பவும் இந்தச் சைக்கிள்லயே வாங்க அத்தை" என்றாள். "மாப்பிள்ளை ஃபோட்டோவுல அவருக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்கதான்னு, நீங்க வாசலுக்கு வந்தப்பவே கண்டுபிடிச்சிட்டேன்!"