ஏழாம் நம்பர் பை

“ஏழாம் நம்பர் பையில கை வெச்சது யாரு?”

டாக்டர் குமுதா கேட்டதும் பக்கிரிசாமி உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பெட்டாலிங் ஜெயாவில் அந்தப் பாறை ஆய்வுக்கூடம் இருப்பது மூன்றாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி வந்ததில் சூப்பர்வைசர் ராஜனுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. பக்கிரிசாமிக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

“எனக்குத் தெரியாது லா மேடம். பன்னிரண்டு பையையும் எண்ணித்தான் லோரியில ஏத்தினேன். அப்புறம் அண்ணன் பொறுப்பு,” என்றான் ராஜன்.

செராசுக்கு அப்பால் ஒரு மலை. எரிமலைச் சாம்பலும் சேறும் மாறி மாறிப் படிந்து இறுகிய பாறை. அடிவாரம் முதல் உச்சி வரை பன்னிரண்டு இடங்களில் குமுதா சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டிருந்தார். ஒவ்வோர் இடத்திலும் கல் உடைத்துப் பையில் கட்ட வேண்டியது ராஜன். கொண்டுவந்து சேர்க்க வேண்டியது லோரி டிரைவர் பக்கிரிசாமி. கல்லுக்கு வயது பார்ப்பது குமுதா.

“ரிசல்ட் வந்திருச்சு. பதினொரு பை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. ஏழு மட்டும் தனியா நிக்குது.”

“வழியில என்ன பண்ணீங்க அண்ணே? சொல்லிருங்க. இந்த வயசுல வேற யாரு உங்களுக்கு லோரி குடுப்பா?”

அது பக்கிரிசாமிக்கே தெரியும். ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. போன மாதம்தான் கம்பெனி இரண்டு டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

“ரவுண்டபவுட்ல அந்தப் பை விழுந்திருச்சு மேடம். பின்னால வந்த டிரெய்லர் ஏறி கல்லு மாவாப் போச்சு. வேலை போயிருமேன்னு பயம். வேற கல்லைப் போட்டுக் கட்டிட்டேன்.”

ராஜன் நாற்காலியில் சாய்ந்தான். “அவ்வளவுதான் மேடம். ஏழைத் தூக்கிப் போட்ருங்க. மத்ததுதான் சரியா இருக்கே.”

குமுதா அவன் பக்கம் திரும்பவில்லை.

“அந்தக் கல்லை எங்க எடுத்தீங்க அங்கிள்?”

பக்கிரிசாமி கைகளை வெளியே எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கிழிந்து ஆறிய தழும்பு.

“லோரியைத் திருப்பிக்கிட்டு மலைக்கே போனேன் மேடம். ஏழுன்னு பெயின்ட் அடிச்சிருந்த இடம் வரைக்கும் ஏறி, சம்மட்டியால உடைச்சேன். ரெண்டு தடவை சறுக்கி விட்ருச்சு. அதுல போனதுதான் இந்த முழங்காலு.”

குமுதா ரிசல்ட் தாளை ராஜனிடம் தள்ளினார்.

“அடியில பழசு, மேல போகப் போகப் புதுசு. பன்னிரண்டு இடத்துக்குப் பன்னிரண்டு வயசு வரணும் ராஜன். உங்க பதினொரு பையும் ஒரே வயசு. அத்தனையும் ரோட்டோரத்து அடிவாரக் கல்லு. அந்த மலையில ஏறினது அங்கிள் ஒருத்தர்தான்.”

ராஜனுக்கு மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியது.