ஆறு பேர், ஆறு ஊசி

அன்று லாபண்யா வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: கீரோதா, பிந்து, சலேஹா, மண்டல் வீட்டு மருமகள்கள் இரண்டு பேர், நான். ஆறு பேர், ஆறு ஊசி. லாபண்யாவும் அவளுடைய பதினெட்டு நாள் குழந்தையும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு ஊசி கிடையாது. கணக்கில் சேரவில்லை.

அந்தக் குழந்தையைப் படுக்கவைக்கத்தான் இந்தக் காந்தா விரிப்பு. மூன்று பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். புதுத் துணி பிள்ளைக்கு உறுத்தும்.

ஊசிகளை என் தகர டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். பச்சைப் பிள்ளை படுக்கிற துணி. ஊசியைத் தொலைத்தவள் அடுத்த காந்தாவில் உட்காரக் கூடாது. சட்டம் போட்டது நான்.

பிந்துவுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. விரலால் தடவியே நேராகத் தைத்துவிடுவாள். நூல் மட்டும் நான் கோத்துக் கொடுக்க வேண்டும்.

கடைசி ஓரம் முடியவும் பொரியும் புது வெல்லமும் வரவும் சரியாக இருந்தது. தின்று முடித்து ஊசிகளை வாங்கி எண்ணினேன்.

ஐந்து.

"யாரு தரலை?"

பிந்து மடியைத் தடவினாள். "நான் குடுத்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?" என்றாள் கீரோதா. "சாப்பிட்ட மாதிரி இருக்குன்னு கையைக் கழுவிடுவியா? கண்ணு தெரியாட்டி பொரியைக் கொறிச்சுக்கிட்டு வீட்டுல கிடக்கணும்."

காந்தாவை ஆளுக்கொரு தடவை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம். அதில் இல்லை. பாயை உதறினோம். அதிலும் இல்லை.

அடுத்த காந்தா பிந்துவின் மகளுக்கு. எட்டாம் மாதம், தலைப்பிரசவம்.

"ஒரு முழமாவது தைக்க விடுங்க அக்கா," என்றாள் பிந்து. "என் பேரப்பிள்ளைக்கு."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "டப்பா இங்கேயே இருக்கட்டும். இன்னொரு தடவை தேடுங்க. கிடைச்சவங்க இதுல போடுங்க."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சலேஹா ஓடினாள். பெரிய மருமகள் கோழி அடைக்கப் போனாள். சின்ன மருமகள் மாமியார் கூப்பிடுகிறார் என்றாள். எனக்குக் கேட்கவில்லை. கீரோதா வெற்றிலை எடுத்துவரப் போனாள், வாயில் வெற்றிலை இருக்கும்போதே.

எல்லோரும் திரும்பி வந்த பிறகு டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

ஒன்பது.

"ஏன் அக்கா, தொலைஞ்ச ஊசி குட்டி போடுமா?" என்று கேட்டாள் லாபண்யா.

ஓர் ஊசியில் பச்சை நூல் தொங்கியது. எங்கள் தெருவில் பச்சை நூல் வைத்திருப்பவள் கீரோதா ஒருத்திதான்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? எங்க வீட்டுப் பூனை கொண்டாந்து போட்டிருக்கும்."

"உங்க பூனை வெத்தலை போடுமா?" என்றாள் சலேஹா. "டப்பா மூடியில செவப்பா விரல் பதிஞ்சிருக்கே."

முற்றமே சிரித்தது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அதற்கும் சிரித்தோம்.

பிந்துவுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தடவித் தடவி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோளில் முகம் வைத்தவள் வெடுக்கென்று விலகினாள்.

"அக்கா, முந்தானையில என்ன குத்துது?"

நூல் கோக்க அவள் என்னிடம் கொடுத்த ஊசி. பொரி வந்த அவசரத்தில் தோளில் செருகியிருக்கிறேன். கோத்த நூல்கூட அப்படியே இருந்தது.

ஊசியை உருவி டப்பாவில் போட்டேன். "அடுத்த காந்தாவுக்கு நான் வரலை," என்றேன். "சட்டம்."

"அப்போ எனக்கு யாரு நூல் கோக்கறது?" என்றாள் பிந்து. "ஆளைப் பாரு. பேசாம உக்காருங்க."

அவரவர் ஊசியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தன்னுடையது என்று ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. டப்பாவை மூடுமுன் எண்ணினேன்.

பத்து. ஆறு பேருக்கு ஆறு போக, மிச்சம் நான்கு.