மகன் கேஸில் ஜெயித்தவள்

துணிக்கடைத் தையற்கூடத்தில் தையல்காரி எல்லோருக்கும் மிட்டாய் நீட்டினாள்.

“மகன் கேஸ்ல ஜெயிச்சுட்டேன்க்கா.”

“அப்பாடா. அவன் மேல தப்பில்லன்னு விட்டுட்டாங்களா?” என்றாள் பட்டன் தைக்கும் அக்கா.

“இல்லக்கா. அவனைப் பிடிச்சிட்டுப் போனது போலீஸ்தான்னு தீர்ப்பு.”

அக்கா மிட்டாயைப் பிரிக்காமல் விழித்தாள்.

“பிள்ளைய வெளிய எடுக்கத்தான் எல்லாரும் கோர்ட்டுக்குப் போவாங்க. உள்ள வச்சது நீங்கதான்னு ஒத்துக்க வைக்க அலைஞ்ச பைத்தியம் நான் ஒருத்திதான்,” என்று தையல்காரி தன்னையே கேலி செய்து சிரித்தாள். “அப்படி ஒருத்தனைப் பார்த்ததே இல்லன்னு இத்தனை வருஷமா சாதிச்சாங்க. இனிமே அவன் எங்கேன்னு கேட்டா அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணுமாம்.”

“என்ன பதில் வரும்?”

தையல்காரியின் சிரிப்பு நின்றது.

“ஜெயிக்கிற அவசரத்துல, அதை மட்டும் யோசிக்காம விட்டுட்டேன்க்கா.”