இடப்பக்கக் கதவு

ரப்பர் தோட்டத்துத் துரையின் கறுப்பு ஆஸ்டின் காரை டிரைவர் சன்னாசி தன் வீட்டு வாசலிலேயே வைத்து, கடையிலிருந்து இறக்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கிவிட்டார். நாலு மாத வேலை. கோலா சாவா சாலையில் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுக்காரர்கள் சுட்டதில், இடப்பக்கப் பின்கதவில் மட்டும் ஒன்பது ஓட்டை. அங்கே உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி தேவதாஸ், அந்த இடத்திலேயே போய்விட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சன்னாசிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஓட்டைகளை அடைத்தாயிற்று. ஆனால் வண்டி காலியாக நிற்கும்போதே பின்னால் இடப்பக்கம் அமுங்கி நின்றது. இரண்டு தடவை ஸ்பிரிங்கை மாற்றியும் நிமிரவில்லை.

“ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியில்ல இருக்கு,” என்றாள் அவர் மனைவி பஞ்சாலை.

அந்தக் கதவின் உட்பக்கத்துக்குக் கடைசிப் பெயிண்டை அடித்த கையோடு, ஊரடங்குக்கு முன்னால் துரையிடம் விட்டுவிடலாமென்று வண்டியை எடுத்தார். பழக்கதோஷம், கிராணி வீட்டு முன்னால் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. முன்பெல்லாம் தினமும் அவரை இறக்கிவிடும்போது செய்ததுபோல இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். வண்டி மெல்ல முனகிக்கொண்டு நிமிர்ந்தது.

சன்னாசி கதவைப் பிடித்தபடியே நின்றார். வீட்டுக்குள்ளே யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நாலு மாதமாக வாசலுக்கே வராத எல்சி, கிராணியின் மனைவி, கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தாள்.

“என்னண்ணே, பெயிண்ட் காயறதுக்குள்ளேயா இவர ஏத்திக்கிட்டு வருவீங்க? தோள்பட்டை பூரா கறுப்பாயிருச்சு, பாருங்க.”