ஒரு கப் மைதா

முதல் கப் மைதா மின்தராசில் நூற்றுப் பன்னிரண்டு கிராம் காட்டியது. இரண்டாவது, நூற்று நாற்பது. மூன்றாவது, நூற்று இருபத்தாறு.

"ஒரே கப்தானேம்மா? ஒரே மாதிரி அள்ளத் தெரியாதா உனக்கு?"

அம்மா கப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி மூட்டைக்குள் கையை விட்டாள். இந்த முறை அழுத்தி அள்ளினாள்.

நூற்று ஐம்பத்தொன்று.

பேக்கரியின் பின்கட்டில், அடுப்புச் சூட்டில், மூன்று நாளாக இதே கூத்து.

அம்மா சுடும் கேக் மேனேஜருக்குக் காகிதத்தில் வேண்டும். கப், கரண்டிக் கணக்கு கூடாது, எல்லாம் கிராமில். இன்று நாலு மணிக்குள். அதைப் பார்த்துச் சுடப் புதுக் கிளையில் புதிதாக இரண்டு பேரை எடுத்தாகிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அக்கா ரெஸ்ட் எடுக்கலாம் என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தாள் வராவிட்டால் இன்றைக்கே ரெஸ்ட்.

பதினெட்டு வருடம் நின்று வீங்கிய காலுக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேதியியல். இரண்டு வருடம் அலைந்து, படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை, பெற்றவள் பிழைப்புக்கு உலை வைப்பது. அவள் பிழைப்பில்தான் நானும் சாப்பிடுகிறேன்.

ஐந்தாவது கப். நூற்று எட்டு.

"எனக்கென்னடி தெரியும்? கை போற போக்குல போடுறேன். படிச்சவ நீதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று நாளில் ஒரு எண்ணாவது இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கப்பைப் பிடுங்கித் திருப்பினேன். அடியில் 250 என்று பொறித்திருந்தது. மில்லி. அது தண்ணீர் பிடிக்கும் அளவு; மாவு அதில் பாதி எடைதான் வரும். பள்ளிக்கூடப் பாடம்.

'மைதா, ஒரு கப்: 250 கிராம்' என்று எழுதினேன். நிறுத்தி, நிதானமாக, நல்ல கையெழுத்தில்.

அந்தக் கணக்கில் சுட்டால் வருவது கேக் அல்ல, செங்கல். இரண்டே நாளில் அம்மாவைத் தேடி ஆள் வரும்.

மேனேஜர் வந்தார். தாளைப் பார்த்தார். கப்பின் அடியைப் பார்த்தார். அவரும் பட்டதாரிதான்.

"கப்லயே போட்டிருக்கு. இதுக்கா மூணு நாளு?"

"எனக்குத்தான் தோணல, சார்."

நின்ற இடத்திலேயே படம் பிடித்துப் புதுக் கிளைக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அவள் சாயங்கால ஆர்டருக்கு மாவு அளக்கத் தொடங்கியிருந்தாள். பாத்திரம் இன்னும் தராசின் மேலேயே இருந்தது.

ஒரு கப் போட்டாள். நூற்று இருபத்தைந்து.

இன்னொன்று. இருநூற்று ஐம்பது.

மூன்றாவதையும் போட்டாள். முந்நூற்று எழுபத்தைந்து. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், மாவுக் கையாலேயே தராசின் சுவிட்சை அணைத்தாள்.